அசல் பின்னல்

செவ்வாய்க்கிழமை காலை காப்பிக் கோப்பையோடு நடைக்கு வந்த லூரிவால், வாசற்கதவின் ஓரம் நின்ற புது நாற்காலியின் இருக்கை குழிந்திருப்பதைப் பார்த்தார். புது என்றால் அவருக்குப் புது. நாற்காலிக்கு வயது எழுபது. கருகிய சர்க்கரைப் பாகின் நிறத்தில் பாஹியா ஈட்டிமரச் சட்டம், நடுவே கண்கண்ணாகப் பிரம்புப் பின்னல். நேற்றுவரை விறைப்பாக இருந்த பின்னல் இப்போது யாரோ நெடுநேரம் உட்கார்ந்து எழுந்துபோனதுபோல் தாழ்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு.

"சுலைக்கா! இதுல உக்காந்தியா?"

"உன் நாற்காலியில உக்கார எனக்கென்ன பைத்தியமா, கிழவா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எனக்கு என் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கு. அதையாவது மனுசன் உக்காரச் செஞ்சிருக்கான்."

அவள் சொன்னதில் பிழையில்லை. சாவோ பாலோவின் அந்த ஒன்பதாம் மாடி வீட்டில் நாற்பத்தொரு நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் வடிவமைத்தவரின் பெயரைச் சொல்லும்போது தரகர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதோடு விலையும் ஏறிவிடும். ஒன்றிலும் உட்காரக் கூடாது. கைப்பிடிக்குக் கைப்பிடி சிவப்பு நாடா கட்டியிருக்கும். கணவனும் மனைவியும் சமையலறையில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விருந்தாளிகள் நின்றார்கள், பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். சுலைக்காவின் நிழல் ஒரு நாற்காலிப் பக்கம் சாய்ந்தால் போதும், லூரிவாலின் வாய் தானாகக் கத்தும்: "உக்காராதே!" முப்பது வருடப் பழக்கம். போன வருடம் அவள் இதயத்தில் வால்வு மாற்றினார்கள். பத்து அடி நடந்தால் ஒரு நிமிடம் உட்காரவேண்டும் என்றார் மருத்துவர். அதன் பிறகும் அந்த வாய் மாறவில்லை.

இந்த நாற்காலியைச் சனிக்கிழமை வாங்கினார். 'குடும்பம் சகலத்தையும் விற்கிறது' என்று வாசலில் அட்டை தொங்கிய ஒரு செத்தவர் வீடு. முன்பின் தெரியாதவர்கள் அலமாரியைத் திறந்து அவருடைய காலுறைகளுக்குக்கூட விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். லூரிவால் மனதில் ஒன்பதாயிரம் ரெயால் வைத்துக்கொண்டு, ஒப்புக்கு நாலாயிரம் என்றார். செத்தவரின் மகள் நாற்காலியைப் பார்க்காமலே, "சரி. இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள்.

குளியலறை ஓடு விற்றே முடி நரைத்தவர் அவர். எதிராளி முதல் வார்த்தைக்கே ஒத்துக்கொண்டால் சரக்கில் ஏதோ கோளாறு என்பது தெரியாதவரல்ல. கரையான் இருக்கிறதா என்று நான்கு காலையும் தட்டிப் பார்த்தார். இல்லை. வேறெதையும் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை குஸ்டோடியோவை மேலே கூட்டிவந்தார். தெருமுனை நடைபாதையில் உட்கார்ந்து நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறவர். கால் ரெயாலுக்காக அரைமணி நேரம் சண்டை போடக்கூடியவர். குழியைப் பார்த்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பின்னலை வெட்டி எறிஞ்சிரலாம் முதலாளி. செத்த வீட்டுச் சாமான்னா நாங்க முதல்ல அதைத்தான் செய்வோம். புதுசு போட்ட பிறகுதான் உக்கார விடுவோம்."

"எவ்வளவு கேப்பே?"

"காசு வேணாம்."

லூரிவாலுக்கு அப்போதுதான் முதுகில் சில்லிட்டது. ஆனாலும் சொன்னார்: "அசல் பின்னல்யா இது. எடுத்தா விலை பாதியாயிடும்."

"விக்கப் போறீங்களா?"

"சேச்சே, இல்ல."

"அப்புறம் யாருக்கு விலை?"

லூரிவால் நாடாவின் முடிச்சை இன்னும் இறுக்கினார். குஸ்டோடியோ தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாற்காலியைத் தாண்டும்போது, உட்கார்ந்திருப்பவரின் காலில் இடிக்காமல் போகிறவரைப்போலச் சுவரோடு ஒட்டி நடந்தார்.

வியாழக்கிழமை நாடா அவிழவில்லை. முடிச்சு அவர் போட்ட முடிச்சேதான். அதன் கீழே குழி இன்னும் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. இருவரும் சமையலறையில் சோறும் அவரைக்கொட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நடையிலிருந்து காய்ந்த பிரம்பு பாரம் தாங்கும் ஓசை வந்தது. நெறுநெறுவென்று, யாரோ வசதியாக இடுப்பை நகர்த்திக்கொள்வதுபோல. பின்னாலேயே ஒரு வாடை. நோயாளியின் படுக்கையில் வைக்கும் வெந்நீர்ப் பையின் ரப்பர் வாடை.

"எலி செத்திருக்கா பாரு," என்றாள் சுலைக்கா.

"நாளைக்குப் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அந்த ஊரின் ஜனவரி வழக்கப்படி, வானம் கறுத்து மழை கொட்டியது. மின்சாரம் போயிற்று. மின்தூக்கியும் நின்றது. மாத்திரை வாங்கப் போன சுலைக்கா இன்னும் திரும்பவில்லை. ஒன்பது மாடி. லூரிவால் கைவிளக்கைத் தேடி எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தார், கீழே போய் அவளை நிறுத்தி வைக்கலாமென்று.

வந்தவர் அங்கேயே நின்றார்.

நடை குறுகலானது. நாற்காலியின் முன்னால் போகாமல் கதவை எட்ட முடியாது. விளக்கு வெளிச்சத்தில் பின்னல் அசைந்தது. நடுக்குழி மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரம் தன்னை இறக்கிக்கொண்டதுபோல, மேலே எழும்பி மட்டமாயிற்று. நாடாவின் முடிச்சு தானாக நெகிழ்ந்து தரையில் விழுந்தது. நான்கு நாளில் முதல்முறையாக இருக்கை காலி.

எழுந்தது எங்கே நிற்கிறது?

ரப்பர் வாடை அவர் முகத்துக்கு நேரே வந்தது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒரு படி. மூச்சு. ஒரு படி. நீண்ட மூச்சு. பூட்டில் சாவி திரும்பியது. கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி சுலைக்கா, உதடு நீலம்.

"உக்காராதே!" என்று கத்தினார் லூரிவால்.

"முப்பது வருஷமா... இதையேதான் சொல்றே," என்றாள் மூச்சுக்கு நடுவே. "நாசமாப் போக... உன் நாற்காலி."

"ஐயோ, அதுக்கில்லடி, கேளு..."

உட்கார்ந்தாள்.

மின்னல். அவள் முகத்தில் அப்பாடா என்ற நிம்மதி. இருட்டு. கைவிளக்கை உயர்த்தினார்.

மாத்திரைப் பை தரையில். செருப்புகள் ஜோடியாக. பூட்டில் சாவிக்கொத்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. பின்னல் மட்டும் தொட்டில்போல ஆழத் தொங்கியது. ஏறியது. இறங்கியது. மூச்சிரைப்பவளின் மார்புபோல.

"சுலைக்கா?"

பிரம்பு நெறுநெறுத்தது.

சமையலறைக்கு ஓடினார். கத்தி. திரும்பி வந்து மண்டியிட்டு, இருக்கையின் அடியில் நுழைத்து அறுத்தார். மூன்று இழை.

"ஆ..."

சின்னக் குரல். ஊசி குத்தினால் அவள் போடும் அதே சத்தம். அறுந்த முனையிலிருந்து ஒரு துளி அவர் மணிக்கட்டில் விழுந்தது. சூடாக.

கத்தியை வீசினார். அறுந்த முனைகளை விரலால் சேர்த்துப் பிடித்தார். "ஒண்ணுமில்லடி. பிடிச்சிட்டேன். ஒண்ணுமில்ல." பாரம் பக்கத்து இழைக்குப் போனது. அது தானாக அறுந்தது. அதையும் பிடித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. கை முழுக்க ஈரம்.

மின்சாரம் வந்தது. மின்தூக்கி முனகிக்கொண்டு புறப்பட்டது. வெளிச்சத்தில் லூரிவால் நாற்காலிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார், பத்து விரலிலும் பத்து இழையைப் பற்றிக்கொண்டு.

பதினொன்றாவது நெறுநெறுத்தது.