தட்டின் அடிப்பக்கம்

பிரேம் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டை பிளந்து... ரத்தம் உறைந்து...

இன்ஸ்பெக்டர் யமுனா நிமிர்ந்தாள். மலைமேல் பெரக்கரை நாடு என்ற ஊர்ப்பகுதியில் ஓர் ஓட்டு வீடு. அதற்கு 'மூலிகை ஆய்வகம்' என்று போர்டு. எந்த இலை கிருமியைக் கொல்லும் என்று தனியாகத் தங்கிச் சோதித்து வந்தவன் பிரேம்.

வாசலில் கைவிலங்கோடு செங்கோடன். இலை பறித்துத் தரும் மலை விவசாயி. காலையில் பிணத்தை முதலில் பார்த்தவர் அவர்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"உசிரு இருக்குமோன்னு தூக்கிப் பாத்தனுங்க அம்மா. நான் உள்ள போயிட்டா எம் புள்ளைகளுக்கு ஆருமில்லீங்க."

"பொய்!" பேராசிரியர் சந்தோஷ்குமார் சீறினார். "இலை பறிக்க விடமாட்டேன்னு பிரேமை மிரட்டினான் இந்தக் காட்டான்!"

பிரேமின் ஆராய்ச்சி வழிகாட்டி அவர். சற்று முன்புதான் காரில் வந்து இறங்கியிருந்தார். மாணவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையைச் சீவிக்கொண்ட ஆசாமி. தன் கையாலேயே இரண்டு பக்கம் புகார் எழுதி நீட்டினார். அதில் ஒன்றரைப் பக்கம் அவருடைய பட்டங்கள்!

யமுனா தாளை வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க சார், இங்க கடைசியா எப்ப வந்தீங்க?"

"ஒரு மாசமாச்சு. இந்தக் காட்டுக்கு மனுஷன் வருவானா?"

"பிரேம் நல்லா வேலை செஞ்சாரா?"

"கை அவனோடது. மூளை என்னோடது. இதைப் பாருங்க."

கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்தார். இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். ஒருமுறை பயன்படுத்தி எறிகிறவை. கிருமியைப் பரப்பி, நடுவில் குழி தோண்டி மருந்து விட்டிருந்தது. ஒன்றின் மூடியில் 'இலைச்சாறு'. மற்றதில் 'மாத்திரை'.

"இலைச்சாறு தட்டுல கிருமி செத்து வட்டமா தெளிஞ்சிருக்கு. இனி உலகமே என்னைப் பத்தித்தான் பேசும்."

"கடையில விக்கிற மாத்திரையே தோத்துப்போச்சா?"

யமுனா தெளிந்திருந்த தட்டைத் திருப்பினாள்.

அடியில் பிரேமின் பொடி எழுத்து. 'மாத்திரை. மாலை 6.' நேற்றைய தேதி.

மற்றதன் அடியில்... 'இலைச்சாறு'.

"நான் மைக்ரோபயாலஜி படிச்சுட்டு போலீஸுக்கு வந்தவ சார். மூடி மாறிப்போகும், பேரை அடியில எழுதுங்கன்னு முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க. தட்டைத் தொட்டு வேலை செய்யற யாரும் மூடியில மட்டும் எழுத மாட்டாங்க."

சந்தோஷ்குமாரின் முகம் வெளுத்தது.

"விடியக்காலமே இலை தோத்தது தெரிஞ்சுபோச்சு. உள்ளதைத்தான் சொல்லுவேன்னு பிரேம் நின்னாரு. அடிச்சுட்டீங்க. அப்புறம் தட்டைப் பாத்தா மூடியில பேரே இல்ல. தெளிஞ்ச தட்டுக்கு நீங்களே 'இலைச்சாறு'ன்னு பேரு வச்சுட்டீங்க."

புகார்த்தாளை மூடியருகே வைத்தாள். அதே சாய்ந்த எழுத்து.

"நேத்து சாயங்காலம் வச்ச தட்டு இது. ஒரு மாசமா வராத உங்க கையெழுத்து இதுல எப்படி வந்துச்சு?"

சந்தோஷ்குமார் தட்டின் அடியைக் குனிந்து பார்த்தார்.

"அடியிலயா எழுதுவாங்க...? எனக்கு யாருமே சொல்லலியே..."

இருபது வருடம் பேராசிரியராம்!

யமுனா செங்கோடனின் விலங்கைக் கழற்றி அந்த ஆசாமியின் கையில் மாட்டினாள்.

"பசங்க எழுதற ஆராய்ச்சிக் கட்டுரையில எல்லாம் உங்க பேருதான் முதல்ல வருமாமே? கவலைப்படாதீங்க சார்... எஃப்.ஐ.ஆர்.லயும் அதே மரியாதைதான்."