நேராக நின்ற அவரைச் செடி

கோடைப் பகல்முகாமின் தலைவி, கையில் ஒரு செடி வைத்த காகிதக் கோப்பையோடு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் அம்மா வீட்டுப் படியேறினார்.

எரிந்த கடைகளைப் பார்த்து, தானாக எரிந்ததா, எரித்ததா என்று சொல்லியே ஓய்வுபெற்ற அந்த அம்மாள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. கணவர்தான் ஓடிப்போய் நாற்காலி போட்டார். உதவியாளர் பதவியை அவருக்கு யாரும் தரவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

"எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு கோப்பையில அவரை விதை போட்டாங்க மேடம். எங்க வாலுப்பொண்ணோடது மட்டும் முளைக்கல. நேத்து காலையில பார்த்தா, எல்லாத்தையும் விட திடமா ஒரு செடி! ஏமாத்திட்டான்னு மத்த அம்மாங்க குதிக்கிறாங்க. இன்னிக்குச் சாயங்காலம் செடிக் கண்காட்சிக்கு அவளை விடக்கூடாதாம். குழந்தை அழுது தீர்க்குது. செடியை அப்பவே அலமாரியில பூட்டிட்டேன், இப்பதான் எடுத்துட்டு வர்றேன்."

"வீட்ல வளர்த்து எடுத்துட்டு வந்திருப்பா. கேஸ் முடிஞ்சுது," என்றார் கணவர்.

"கொஞ்சம் இருங்க, நீதிபதி." அம்மாள் செடியை மண்ணோடு உருவினார். கோப்பையின் அடி தட்டை. மண்கட்டியின் அடியிலோ பூவிதழ் போல ஐந்து மேடுகள். "அவ வீடு எப்படி?"

"தையல் கடைக்குப் பின்னாடி ஒத்தை ரூம். பகல்லயே லைட்டு போடணும்."

மூவரும் முகாமுக்குப் போனார்கள். நீச்சல் குளத்தருகே வெயிலில் நின்று, நீச்சல் சொல்லித்தரும் விசில் சார் பிளாஸ்டிக் பாட்டில் சோடாவை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஊதினால் பிள்ளைகள் மட்டுமல்ல, தெரு நாயும் உட்காரும். உள்ளே ஜன்னலோரச் செடிகள் எல்லாம், பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்ப்பவை போலக் கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தன.

"ஓவிய டீச்சர்தான்! கையெல்லாம் மண்ணு," என்று கிசுகிசுத்தார் கணவர்.

"அது பெயின்ட்டுங்க," என்றார் அம்மாள்.

பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள் என்று எல்லாரையும் குளத்தருகே கூட்டினார். "ஜன்னல்ல வளர்ந்தா சாயும். இது நேரா நிக்குது. திறந்த வெளியில வளர்ந்த செடி. இருட்டு ரூம்ல இருக்கற குழந்தையால முடியாது. மண்ணுக்கடியில அஞ்சு மேடு. பிளாஸ்டிக் சோடா பாட்டிலோட அடி இப்படித்தான் இருக்கும்; அதை வெட்டி, அதுல வளர்த்திருக்காங்க. நாள் முழுக்க வெயில்ல, சோடாவும் கையுமா நிக்கறது யாரு?"

விசில் சார் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு, மறைத்துப் பயனில்லை என்று கீழே வைத்தார்.

"தினமும் வந்து கோப்பைக்குள்ள கண்ணை விட்டுப் பார்ப்பா மேடம். மனசு கேக்கல. நான் ஒண்ணு வளர்த்து மாத்தி வெச்சேன். சொன்னா என் மேல இருக்கற பயம் போயிடும், தண்ணிக்குள்ள ஒருத்தனும் பேச்சைக் கேக்க மாட்டான்னு வாயை மூடிக்கிட்டேன். தப்புதான்." வாலுப்பொண்ணின் முன் குனிந்தார். "மன்னிச்சுடும்மா."

"அவ மண்ணை என்ன செஞ்சீங்க?"

"தூக்கிப் போட மனசு வரல. அதே பாட்டில்ல, அந்த சுவர் மேல..."

கணவர் பாய்ந்து எடுத்து வந்தார். அம்மாள் விரலால் மண்ணை விலக்கினார். விதை பிளந்து, வெள்ளையாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் என்னோடது!" என்று வாலுப்பொண்ணு பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். திடமான செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவளை முன் வரிசையில நிக்க வைங்க," என்றார், அதிகம் குதித்த அம்மா, தரையைப் பார்த்தபடி.

சாயங்காலம் அவள் மேசையில்தான் கூட்டம். உதட்டில் விரல் வைத்து, வந்தவர்களை எல்லாம் அதட்டிக்கொண்டிருந்தாள்:

"உஷ்! கத்தாதீங்க. இப்பதான் முழிச்சிருக்கு."