நாலாவது பீங்கான்

விமலராணி இரவு கழுவிக் கவிழ்த்தது மூன்று பீங்கான் தட்டுகள். காலையில் கூடையில் நான்கு இருந்தன. நான்காவதின் விளிம்பிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இத்தாலியின் பலேர்மோ நகரில், லிபெர்த்தா வீதியின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருப்பது மூன்று பேர். சக்கர நாற்காலியில் வீட்டுக்காரக் கிழவி, சிஞ்ஞோரா அகத்தா. கரண்டியைக்கூடத் தானாகத் தூக்க முடியாதவர். அவரைப் பார்த்துக்கொள்ளும் விமலராணி. மூன்று வாரத்துக்கு முன் வந்து சேர்ந்த அவளுடைய எட்டு வயது மகள் ஜூலி.

அதற்கு முன் இரண்டு வருடம் ஜூலி அதே நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில், றோசமலர் அக்காவின் வீட்டில் வளர்ந்தாள். வீட்டோடு தங்கி வேலை செய்பவளுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. அந்த நேரம் மட்டும் தாய். இப்போது சிஞ்ஞோரா மனமிரங்கிப் பிள்ளையைத் தன் முகவரியில் பதிய ஒப்புக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நகரசபைக் காவலர் ஒருவர் வந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். எழுதிவிட்டால் பிள்ளையை யாரும் பிரிக்க முடியாது.

உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவது விமலராணியின் கைப்பழக்கம். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்தால் இல்லையென்று சொல்லக் கூடாது. பலேர்மோவில் யாரும் சொல்லாமல் வருவதில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சமைத்துப் போட ஒரு பிள்ளை வந்ததும் கை தானாகப் பழைய அளவுக்குத் திரும்பியது. நான்காவது தட்டில் சோற்றைப் போட்டு மூடி மேசையில் வைப்பாள். காலையில் தானே சாப்பிடுவாள். ஒரு வாரமாகத் தட்டில் சோறு இல்லை.

“ஜூலி, ராத்திரி வச்ச சோத்தை நீயே சாப்பிட்டனி?”

“இல்லை அம்மா.”

“அப்ப பீங்கானைக் கழுவினது?”

“நான் கழுவினா நீங்கள் திரும்பக் கழுவுவீங்கள்தானே. பிறகேன் நான் கழுவ?”

வாய்க்காரி. சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவினாள் விமலராணி. இரட்டைப் பின்னல். இறுக்கமாக, நேர்வகிடு எடுத்து.

“ஆர் பின்னிவிட்டது?”

“நீங்கள்தான். நான் நித்திரையிலை இருக்கேக்கை.”

விமலராணி கையை எடுத்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் எலனுக்குப் படங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. எலன் அமெரிக்காவில் இருந்தாள். அவளுடைய ஊரில் வெளியாட்கள் குடியேறத் தொடங்கிய காலத்தில், ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன், பலேர்மோவிலிருந்து கப்பலேறிய கஸ்பரே என்பவனின் வழிவந்தவள். சிஞ்ஞோராவும் அதே குடும்பம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாஸ்காத் திருநாளுக்கும் பங்குச் சாமி வீடு வீடாகப் போய் உள்ளே இருக்கும் ஆன்மாக்களை எண்ணி எழுதுவார். சிஞ்ஞோராவின் தகப்பன் அந்தப் பதிவேட்டின் பக்கங்களை ஒரு கொப்பியில் அப்படியே எழுதி வைத்திருந்தார். அதைத்தான் எலன் கேட்டிருந்தாள்.

வெளியே ஷிரோக்கோ. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் அந்தச் சூட்டுக் காற்றுக்குப் பயந்து மரத்தட்டிக் கதவுகளை எல்லாம் சாத்தியிருந்தாள். ஆனாலும் தூசி இடுக்குகளால் வந்து மேசையிலும் நாக்கிலும் படிந்தது, தெருவில் ஏதோ தகரம் உருண்டு உருண்டு நின்று மறுபடி உருண்டது, உள்ளறையில் ஜூலி யாருக்கோ கதை சொல்வதுபோல மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள், பதில் கேட்பதற்கு விடும் அளவு இடைவெளி விட்டு.

விமலராணி பக்கத்தைப் புரட்டிப் படம் எடுத்தாள்.

கஸ்பரே, மனைவி நின்ஃபா, மூன்று பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை. செத்துவிட்டது.

அடுத்த வருடம் ஐந்து பெயர்கள். அடியில் மொத்தம் ஆறு.

அதற்கடுத்த வருடம் நான்கு பெயர்கள். மொத்தம் நான்கு. ஒரு பிள்ளையைக் காணவில்லை. சிலுவையும் இல்லை. ‘போய்விட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தது.

பிறகு நான்கு பெயர்கள், மொத்தம் ஐந்து. பிறகு மூன்று பெயர்கள், மொத்தம் மூன்று. ‘போய்விட்டது.’

அதோடு அவர்கள் கப்பலேறிவிட்டார்கள்.

எலனின் பதில் விளக்கேற்றும் நேரத்துக்கு வந்தது. சிஞ்ஞோராவுக்குக் கண் தெரியாது. விமலராணிதான் போனில் வாசித்தாள். கப்பலில் ஏறியது மூன்று பேர். குடியேற்றத்தின் முதல் கணக்கெடுப்பில் அந்த வீட்டில் நான்கு. அடுத்த வருடம் இரண்டு. கஸ்பரே அங்கே நீதிபதியிடம் சொன்ன வாக்குமூலம் ஒன்று எலனுக்குக் கிடைத்திருந்தது. ‘செத்த குழந்தைக்காக என் மனைவி தினமும் ஒரு தட்டுக் கூடுதலாக வைத்தாள். சாப்பிட வந்தது குழந்தை அல்ல.’

எலன் அதற்குப் பிறகு கஸ்பரேவுக்குப் பிறந்த ஒரு மகனின் வழி. அவளுக்கு இது ஒரு சுவாரசியம். கடைசியில் ஒரு பூப்படம் போட்டிருந்தாள்.

சிஞ்ஞோரா முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

“நீ எத்தனை தட்டு வைக்கிறாய்?”

“நான்கு.”

கிழவியின் கைகள் நாற்காலியில் தட்டத் தொடங்கின. “நாளைக்கு வருகிறவனை வரவேண்டாமென்று சொல். எண்ணும்வரை அது விருந்தாளி. எண்ணிவிட்டால் வீட்டு ஆள்.”

விமலராணி பல்கனியில் நின்று றோசமலரை அழைத்தாள்.

“அக்கா, நாளைக்கு வேண்டாமெண்டு சொல்லட்டோ?”

“உனக்கென்ன விசரே? பிள்ளையை வச்சிருக்க விருப்பமில்லாமல் கிழவி பேய்க்கதை கதைக்குது. நாளைக்கு விட்டியெண்டால் பிள்ளை திரும்ப என்ரை வீட்டிலைதான். நீ திரும்ப வியாழக்கிழமை அம்மாதான்.”

வியாழக்கிழமை அம்மா. அந்தச் சொல் போதுமாக இருந்தது. காவலரை வரவேண்டாமென்று அவள் சொல்லவில்லை.

அன்று அரிசியை அளந்து போட்டாள். மூன்று தட்டு வைத்தாள். மூன்றையும் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ஜூலியின் கையைப் பிடித்துக்கொண்டே படுத்தாள்.

காலை. கூடையில் நான்கு. ஈரமாக.

காவலர் பதினொரு மணிக்கு வந்தார். பருத்த, சிரித்த முகம். பழைய லிப்ட்டின் இரண்டு கதவையும் கையால் இழுத்து இழுத்துச் சாத்த வேண்டியிருந்ததற்குக் குறைப்பட்டார். சிஞ்ஞோராவுக்கு வணக்கம் சொன்னார். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். விமலராணி கோப்பி போட்டாள். அவர் மேசையில் உட்கார்ந்து எழுதினார். பேனா கீறும் சத்தம்.

“சரி. நான்கு பேர்.”

“மூன்று,” என்றாள் விமலராணி.

“நான்கு. சிஞ்ஞோரா. நீங்கள். சிறுமி. அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும் அம்மா.”

“நான்தான் அம்மா.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “மன்னிக்க வேண்டும். அவர்தான் தாய் என்று சொன்னார். சிறுமியும் ஆமென்று தலையாட்டினாள்.”

உள்ளறை. கட்டில். சீப்பு. யாரும் இல்லை.

வாசற்கதவு திறந்திருந்தது.

லிப்ட்டின் வெளிக்கதவு சாத்தும் சத்தம். உட்கதவு. பிறகு கம்பி இழுபடும் முனகல்.

ஓடினாள். இரும்பு வலைக்குப் பின்னால் லிப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஜூலி. நேர்வகிடு. புதிய ரிப்பன். வலது கை மேலே தூக்கியிருந்தது. உயரமான ஒருவரின் கையைப் பிடித்திருப்பதுபோல. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. அங்கே ஒன்றும் இல்லை.

“ஜூலி!”

பிள்ளை நிமிர்ந்து சந்தோசமாகச் சிரித்தாள்.

“அம்மா, போயிட்டு வாறம்.”

விமலராணி படிகளில் பாய்ந்தாள். இரண்டாம் மாடி. முதலாம் மாடி. செருப்பு கழன்றது. லிப்ட் அவளுக்கு முன்னே போய் நின்றது. கதவு திறக்கும் சத்தம் வரவில்லை.

கீழே வந்தாள். வெளிக்கதவு சாத்தியிருந்தது. உட்கதவும். கண்ணாடிக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. லிப்ட் காலி.

மேலே, மூன்றாம் மாடியில், திறந்து கிடந்த வாசல் வழியாக, யாரோ சாப்பாட்டு மேசையில் தட்டுகளை எடுத்து வைப்பது கேட்டது. அவசரமில்லாமல்.

ஒன்று.

இரண்டு.

அதோடு நின்றது.