எனிட் பாஸ்கோவின் குளோசப்

சிட்னிக்கு மேற்கே மலைமேல் இருக்கும் கட்டூம்பா ஊரில் அன்று மதியமே மூடுபனி ஏறி வந்துவிட்டது. ஹேசல் காரை நிறுத்தி, கேமராப் பெட்டியைத் தம்பி க்ளைவின் தோளில் ஏற்றினாள். பலகை வீட்டின் கதவு ஈரத்தில் உப்பிப்போய், இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிய பிறகே திறந்தது. உள்ளே ஆள் குடியிருந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் முகப்பவுடர் வாசனை அடித்தது.

சிட்னி ஸ்டூடியோக்களில் வேலைக்காரியாகவும் நர்ஸாகவும் நடித்தே தேய்ந்த எனிட் பாஸ்கோ, கடைசிவரை வாழ்ந்த வீடு அது. திரைப்படச் சங்கத்தில் அவளுக்காக ஒரு கூட்டம் நடத்தப்போகிறாள் ஹேசல். அதில் காட்டுவதற்கு இந்த அறையைப் படமெடுக்க வேண்டும்.

"ஏன்க்கா, இந்தம்மாவுக்கு உலகத்துலயே நீ ஒருத்திதான் ரசிகையா?"

"சிரிக்காதடா. ஒரு படத்துல, புருஷன் செத்தது தெரியாம கதாநாயகி பேசிட்டே இருப்பா. எனிட் பக்கத்துல நின்னு அவன் சட்டையை மடிப்பா, பிரிப்பா, திரும்ப மடிப்பா. அந்தக் கையைப் பாத்தாலே எல்லாம் புரிஞ்சிடும்."

"மூஞ்சி?"

"அதைத்தான் காட்டவே இல்லையே! 'அவர் எப்ப வருவார்?'னு கதாநாயகி கேப்பா. 'அவர் வரமாட்டார்மா'னு எனிட் குரல் மட்டும் வரும். கதாநாயகிக்கு குளோசப் எடுக்கும்போது இவ கேமரா பக்கத்துல உக்காந்து பதில் வசனம் சொல்லணும். இவ முறை வந்தா, வெளிச்சம் போச்சுன்னு மூட்டை கட்டிடுவாங்க. ஆயுசு முழுக்க இதே கதைதான்."

சொல்லும்போதே ஹேசலுக்குக் கோபம் வந்தது.

ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. க்ளைவை அதில் உட்காரவைத்துக் கேமராவில் பார்த்தாள். பனி ஜன்னலை அடைத்துக்கொண்டே வந்தது. வெளியே ஏதோ ஒரு பறவை கத்தத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டது.

"சரி, எந்திரி. வெளிச்சம் போச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்."

க்ளைவ் எழுந்திருக்கவில்லை.

பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது.

அவன் கைகள் மடியில் அசைந்தன. இல்லாத ஒரு துணியை மடித்தன. பிரித்தன. மறுபடி மடித்தன.

"விளையாடாதடா."

தோளைப் பிடித்து இழுத்தாள். உடம்பு ஐஸாய்ச் சில்லிட்டிருந்தது, இம்மியும் நகரவில்லை. உதடு நீலம் பாரித்தது. மூச்சு வரவர இளைத்தது. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

"கட்!" என்று கத்தினாள்.

கைகள் நிற்கவில்லை.

'வெளிச்சம் போச்சு' என்று ஆயுசு முழுக்க எனிட் கேட்டு நொந்த அதே வார்த்தையை, அவள் வீட்டிலேயே நின்று தானும் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் ஹேசலுக்கு உறைத்தது.

கேமராவை அந்த முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் ஓடவிட்டாள். பிறகு அதன் பக்கத்தில், எனிட் எப்போதும் உட்கார்ந்த இடத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"அவர்... எப்ப வருவார்?"

க்ளைவின் முகம் மெல்ல நிமிர்ந்தது. கண்ணில் நீர் திரண்டு, விழாமல் நின்றது. அப்படியொரு துக்கத்தை ஹேசல் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. அந்தப் பயத்திலும், என்ன நடிப்பு என்று ஒரு கணம் நெஞ்சு உருகிவிட்டது.

"அவர் வரமாட்டார்மா."

பெண் குரல்.

"கட்," என்றாள் ஹேசல். "பிரமாதம்மா. ரொம்பப் பிரமாதம்."

க்ளைவ் இருமிக்கொண்டே முன்னால் சரிந்தான். கேமராவை அங்கேயே போட்டுவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு ஓடிக் காரில் ஏற்றினாள். மலைப்பாதையில் இறங்கி, கடைகளின் விளக்குகள் தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"சூடா ஒரு டீ குடிச்சா சரியாயிடும்டா," என்றாள்.

காருக்குள் பவுடர் வாசனை பரவியது.

பக்கத்து இருக்கையில், மடியில் கிடந்த கைகள் எதையோ மடித்துக்கொண்டிருந்தன.

"நல்லா வந்துச்சாம்மா?" என்று கூச்சத்தோடு கேட்டது அந்தக் குரல். "இன்னொரு தடவை எடுத்துடலாமே."