செகண்ட் கிளாஸ் மெடல்

செவ்வாய்க்கிழமை காலை அபயாம்பாள் அலமாரியைத் திறந்தாள். வெல்வெட் பெட்டி இருந்தது. பதக்கம் இல்லை.

பாலக்காடு சந்திரநகரில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் அறுபத்திரண்டு வயதில் தனியாக வாழ்பவள் அவள். எலப்புள்ளியிலிருந்து சமைக்க வரும் கருப்பாத்தாளைத் தவிர அவளிடம் பேச யாருமில்லை. அப்பா சுந்தரராமன் ராணுவ எஞ்சினீயர், லெஃப்டினன்ட் கர்னல். மலையில் சாலை போட்டதற்காக 1964இல் அவருக்குக் கிடைத்த பதக்கம் அது. மறுவருஷம் ஜீப் கவிழ்ந்து அவர் போனபோது மகளுக்கு இரண்டு வயது. அவர் குரல்கூட நினைவில்லை. பதக்கத்தை ராணுவ மியூசியத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை ஆள் வரவேண்டும்.

"போலீஸெல்லாம் எதுக்கு அத்தை? தேடினாக் கிடைக்கும்," என்றான் பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த அண்ணன் மகன் ஹரிஷங்கர்.

அவள் கேட்கவில்லை. மத்தியானம் எஸ்.ஐ. வனிதா வந்தாள். தமிழ் பேசும் முதலமடைக்காரி.

"என்ன மெடலுங்க அது?"

"விசிஷ்ட சேவா மெடல். செகண்ட் கிளாஸ்."

"அதி விசிஷ்ட சேவா மெடல், மேடம்," என்று ஹரிஷங்கர் திருத்தினான். "நெட்லயே இருக்கு."

"அம்மா செகண்ட் கிளாஸ்னுதான் சொல்லுவா," என்றாள் அபயாம்பாள்.

"அலமாரிச் சாவி இருக்கற எடம் யாருக்குத் தெரியுமுங்க?"

"இவனுக்கும் கருப்பாத்தாளுக்கும்."

சாயங்காலம் கூரியரில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. சார்ஜர் என்று சொல்லி ஹரிஷங்கர் வாங்கிக்கொண்டான்.

புதன்கிழமை காலை, சமையலறைக் கதவில் தொங்கிய கருப்பாத்தாளின் பையிலிருந்து அவனே பதக்கத்தை எடுத்தான். பையிலிருந்த மற்றதையும் மேஜையில் கொட்டினான்: சோறு கொண்டுவரும் தூக்குப்போசி, பிரஷர் மாத்திரை, பஸ்ஸுக்கு முடிந்து வைத்த சில்லறை. பக்கத்து ஃபிளாட்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"உன்னைப் போய் நம்பினேனே," என்றாள் அபயாம்பாள்.

"நானெடுக்கலீங்கம்மா." அவ்வளவுதான் சொன்னாள் கருப்பாத்தாள். சாமானைப் பொறுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வனிதா வந்தபோது பதக்கம் பெட்டிக்குள் இருந்தது. கிடைத்த நிம்மதியில் அபயாம்பாள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வனிதா திருப்பினாள். பின்பக்கத்து ஹிந்தி எழுத்தை நிதானமாகப் படித்தாள்.

"நேத்து நீங்க ஒரு பேரு சொன்னீங்க, இவரு ஒரு பேரு சொன்னாரு. அதனால விசாரிச்சேனுங்க. 1960ல இந்த விருது ஆரம்பிச்சப்ப ஒரே பேரு, மூணு கிளாஸ். 67லதான் பரம், அதி, விசிஷ்டன்னு பிரிச்சுப் பேரு வெச்சாங்க. இதுல 'அதி'ன்னு இருக்குது. 64ல வாங்குன மெடல்ல 67ல வெச்ச பேரு எப்படீங்க வரும்?"

வனிதா பதக்கத்தை மேஜையில் வைத்தாள்.

"இது நகலுங்க. கருப்பாத்தா திருடியிருந்தா அவ பையில அசல்தான இருக்கோணும்? நெட்ல இருக்கற பேரைப் பாத்துத்தான் இந்த நகலை யாரோ வாங்கியிருக்காங்க." ஹரிஷங்கர் பக்கம் திரும்பினாள். "கூரியர் வந்துச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அந்தச் சார்ஜரைக் காட்டுங்க சார்."

அவன் உள்ளே போனான். வெறுங்கையோடு வரவில்லை. கைக்குட்டையில் சுற்றிய அசல் பதக்கத்தை மேஜையில் வைத்தான்.

"தாத்தான்னு நமக்கு இது ஒண்ணுதானே அத்தை இருக்கு? மியூசியத்துல எவனோ பாத்துண்டு போவான். டூப்ளிகேட்டைப் பெட்டியில வெச்சுடலாம்னு நினைச்சேன். அது வரதுக்குள்ள நீ பாத்துட்டே."

"அதுக்கு அவ பைதான் கிடைச்சுதா?"

வழக்கு வேண்டாம் என்று அபயாம்பாள் எழுதிக் கொடுத்தாள். மத்தியான ரயிலில் அவன் போய்விட்டான்.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து எலப்புள்ளிக்குப் போனாள். கருப்பாத்தாள் எழுந்து நாற்காலி போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உன் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுடுத்து. நாளைக்கு வா."

"எஸ்.ஐ. அம்மா வந்து சொன்னாங்க. பையைக் காட்டுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொட்டிக் காட்டியிருப்பேனுங்க. அவரு கொட்டறப்ப நீங்க பாத்துட்டு நின்னீங்க." தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு, "வேற ஆளப் பாத்துக்குங்கம்மா," என்றாள். குரலில் கோபமே இல்லை.

சனிக்கிழமை மியூசியத்துக்காரர்கள் வந்தார்கள். பதக்கத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் இறங்கும் சத்தம் அடங்கும்வரை அபயாம்பாள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைந்தாள்.