அம்மா பெயர்: ரேஷ்மா

மோகனாவுக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. நேற்று தொழிற்பேட்டை கம்பெனியில் பிரஸ் மிஷின் முன்னால் பத்து மணி நேரம் நின்ற வலி. அது ஆறுவதற்குள், நடக்க முடியாத ஏழு வயசு மகள் ரோஷினியைத் தூக்கிக் குளிப்பாட்டிய வலி. இவ்வளவும் செய்தவளைப் பார்க்காமல் பிள்ளை கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடியது. கொழுந்தன் பெண்டாட்டி ரேஷ்மா சீப்போடு வந்ததும்தான் சிரித்தது.

பேச்சு வராத பிள்ளை. அந்தச் சிரிப்புதான் அதற்குப் பேச்சு. அது தனக்கில்லை என்று மோகனாவுக்கு வயிறு எரிந்தது. தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷமாக வகுப்பில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுகிறவள் ரேஷ்மா. அதுவும் சேர்ந்து எரிந்தது.

சாப்பாட்டு டப்பா வைக்க மோகனா பிள்ளையின் பையைத் திறந்தாள். பள்ளி டைரியின் முதல் பக்கம் கண்ணில் பட்டது. அம்மா பெயர்: ரேஷ்மா.

"இன்னாடி இது?"

"அக்கா… அது வந்து…"

"எம்புள்ள சிரிப்பப் புடுங்கிக்கினே. இப்ப பேரையுமா? வவுத்துல சுமக்காதவளுக்கு அம்மா பட்டம் கேக்குதா?"

ரேஷ்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. அவள் பின்னலை முடித்து, ரிப்பன் கட்டி, "இன்னிக்கு நீயே இட்டுக்கினு போக்கா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மோகனா லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். வகுப்பு வாசலில் சபீனா டீச்சர் எதிரே வந்தார்.

"ரோஷினி அம்மா வரலியா? அவங்களுக்குத்தான் நல்ல சேதி வெச்சிருக்கேன். ரோஷினியப் பாத்துக்க ஆயா போட்டு ஆர்டர் வந்துடுச்சி, திங்கக்கிழமைலேர்ந்து. எத்தினி மனு, எத்தினி ஆபீஸ் அலைஞ்சாங்க… பெத்தவ கூட உக்காந்தாத்தான் சேத்துக்குவேன், இல்லன்னா வீட்டோட வெச்சிக்கோங்கன்னு ஹெச்.எம். சொன்னாரு. வேலைய வுட்டுட்டு வந்து உக்காந்துட்டாங்க. ஆமா, நீங்க யாரு?"

சேர்க்கை நாளில் மோகனாவுக்கு ஷிப்ட், ரேஷ்மாதான் போனாள். பர்த் சர்டிபிகேட்டைப் பிரித்துப் பார்க்க ஆபீசில் யாருக்கும் நேரமில்லை. மோகனா சம்பளம் நின்றால் பிள்ளையின் தெரபியும் நிற்கும் என்று தெரிந்தவள், தானே பெத்தவள் என்று துணிந்து பொய் சொல்லியிருக்கிறாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் அந்த ஆர்டர் என்ன ஆகும்?

"பெரியம்மா" என்றாள் மோகனா.

சாயங்காலம் வீட்டுப் படியேறியதும் ரோஷினி ரேஷ்மாவைப் பார்த்துச் சிரித்தது. மோகனாவுக்கு எரியத்தான் எரிந்தது. ஆனாலும் பிள்ளையை அவள் மடியிலேயே இறக்கினாள்.

"ஆயா வர்றாங்களாம். இனிமே நீ வேலைக்குப் போலாம்."

"டைரில பேர மாத்திடுக்கா…"

"வாணாம், கெடக்கட்டும். நான் பெரியம்மான்னு சொல்லிக்கினு வந்துட்டேன்."

ரேஷ்மா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள், வலிக்கிற இடத்திலேயே. மோகனா அவள் தலையில் கை வைத்தாள்.

காலையில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு, ரேஷ்மாவுக்கு இன்னும் பாக்கி.