மூன்றாவது பை

பம்பை நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆகியும் கண்ணாடித் தொட்டியிலிருந்த நீர்ச்செடியின் இலைகள் நிமிரவில்லை. பம்பு ஓடும்போது தண்ணீர் போகும் பக்கம் சாயும், நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் செங்குத்தாக நின்றுவிடும். இந்தச் செடியின் குணம் அதுதான். இன்று அத்தனை இலைகளும் ஒரே பக்கமாக, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மதியம் மூன்று மணிதான் ஆகியிருந்தது, ஆனால் வெளியே மழை பிடித்துக்கொண்டதால் ஆய்வகத்தின் நீள ஜன்னல்களில் வெளிச்சம் அழுக்குத் துணியைப் போலத் தொங்கியது. உப்புச் சேற்றின் வாடையும் ஈர இரும்பின் வாடையும் அறையில் கலந்திருக்க, மூலையில் செடிகளை உலர்த்தும் மின் அடுப்பு விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மழைக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

ஆய்வகத் தலைவர் மட்டும் போகும்போது கதவருகே நின்றார். தொட்டியைப் பார்க்காமல் குடையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னைக்காவது அந்த மூணாவது பையை அடுப்புல வச்சிடும்மா. முப்பது நாள் ஆச்சு. அறிக்கையில அந்த ஒரு எடைதான் காலியா இருக்கு."

"வச்சிடறேன் சார்."

"நான் வேணா செய்யட்டுமா?"

"வேண்டாம் சார். நானே செய்றேன்."

ஆறு கடலோடு சேரும் இடத்தில், தண்ணீருக்கடியில் வளரும் செடிகளைக் கணக்கெடுப்பது அவர்கள் வேலை. தம்பி காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவான். ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக் கூடையில் மேலே அனுப்புவான். அக்காவான அவள் படகில் உட்கார்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பைக்குச் சீட்டு எழுதுவாள். பிறகு கழுவி, உலர்த்தி, எடை போடுவார்கள். "ஊர்ல எல்லாரும் மாட்டுக்குப் புல்லு வெட்டுவாங்க, நான் அரசாங்கத்துக்கு வெட்டுறேன்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. ஒரு இழுப்பு என்றால் கயிற்றை இன்னும் விடு. இரண்டு இழுப்பு என்றால் மேலே தூக்கு.

அன்று மூன்றாவது பை மேலே வந்தது. அவள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கயிறு இரண்டு முறை இழுபட்டது. மழைக்குப் பிறகு ஆறு கலங்கியிருந்தால் இந்தச் செடிகள் வெளிச்சம் தேடி ஆளுயரத்துக்கு நீண்டுவிடும்; கடல் தண்ணீர் ஏறும் நேரத்தில் ஓட்டத்தோடு புரண்டு கயிற்றில் சுற்றி இழுக்கும். அவள் எத்தனையோ முறை அதைக் கையில் உணர்ந்திருக்கிறாள். செடி இழுக்கிறது என்று நினைத்துக் கயிற்றைத் தளர்த்தி விட்டாள். தேதியை எழுதி முடித்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டியபோது அது லேசாக வந்தது. நுனியில் இலை மட்டும் சுற்றியிருந்தது.

உடல் கிடைக்கவில்லை. அவன் கைபட்ட கடைசிச் செடியை அடுப்பில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. தொட்டியில் நாலு விரல் மணல் போட்டு நட்டுவைத்தாள்.

போன் அடித்தது. அம்மா. தினமும் இதே நேரம்தான்.

"ஏதாவது கிடைச்சுதாம்மா?"

"இல்லம்மா."

"அவன் முகத்தைப் பார்த்துட்டா ஒரேயடியா அழுது தீர்த்துடுவேன். இப்ப அழறதா, வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறதான்னே தெரியல." பிறகு தினமும் கேட்பதைக் கேட்டாள். "அவன் கயித்தை இழுக்கவே இல்லையா?"

முப்பது நாளாகச் சொல்லும் பொய்யை இன்றும் சொன்னாள்.

"இல்லம்மா. இழுக்கவே இல்ல."

போனை மேசையில் வைத்தாள். அழுதாள். பிறகு, சொன்ன வேலையைச் செய்து தொலைப்போம் என்று எழுந்து, செடியைக் கழுவும் தட்டை எடுக்கக் குழாயடிக்குப் போனாள். திரும்பிப் பார்த்தபோது இலைகள் குழாயடிப் பக்கம் சாய்ந்திருந்தன.

ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். மெதுவாக, கூந்தல் புரள்வது போல, அவையும் திரும்பின.

தொட்டிக்கு மேலிருந்த விளக்கை அணைத்தாள். வெளிச்சத்தில்தான் இந்தச் செடி குமிழி விடும், இருட்டில் நின்றுவிடும். கறுப்புத் துணியைப் போட்டு மூடினாள். துணிக்கடியில் குமிழிகள் வெடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கொத்து. இடைவெளி. இன்னொரு கொத்து. தூங்குகிறவனின் மூச்சு அளவுக்கு.

ஓடிவிடலாம். கதவு பத்தடியில் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை விட்டுவிட்டு வந்தவள் அவள்.

துணியை விலக்கினாள். கையை உள்ளே விட்டாள். தண்ணீர் ஆற்றுத் தண்ணீரைப் போலச் சில்லென்றிருந்தது. ஒரு இலை மணிக்கட்டைச் சுற்றியது.

இழுத்தது.

மறுபடி இழுத்தது.

இரண்டு.

அவள் இழுத்தாள். சின்னப் பிள்ளை தொட்டாலே அறுந்துபோகும் இலை. அறுபடவில்லை. வந்துகொண்டே இருந்தது. தொட்டியின் ஆழம் இரண்டடி. அவள் காலடியில் பத்தடி இலை ஈரமாகச் சுருண்டு கிடந்தது. பிறகு இருபதடி. உள்ளங்கை எரிந்தது. கயிற்றின் நீளம் முப்பதடி.

நுனியில் கனம் இருந்தது.

மணல் புடைத்தது. பிளந்தது. இலையைப் பிடித்தபடி ஒரு ஆரஞ்சுக் கையுறை. கட்டைவிரலில் அவள் போட்ட தையல். கறுப்பு நூல்.

விரல்கள் இலையை விட்டன. அவள் மணிக்கட்டைப் பிடித்தன. கையுறை காலியாக இல்லை.

"வந்துட்டேன்டா," என்றாள். "இந்தத் தடவை விடமாட்டேன்."

அது இழுத்தது.

முழங்கை முழுகியது. தோள் முழுகியது. கன்னம் தண்ணீரில் பட்டது. இரண்டடித் தொட்டியில் அவள் கை அடியைத் தொடவில்லை. மேசையில் மறுபடி போன் அடித்தது, அம்மாதான். அவள் இரண்டாவது இழுப்புக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை. ஒரே இழுப்பு. இன்னும் விடு.